சைனா டவுன் புகையில் ஒரு கும்பகோணம் முழங்கால்

சான்பிரான்சிஸ்கோவில் விமானக் கதவு திறந்ததும் வெளியே சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன, கல்யாண மண்டப வாசலில் ஆட்டோக்கள் நிற்பது மாதிரி. ஒவ்வொன்றிலும் நம் ஊர் மாமாவோ மாமியோ ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்பா இமிக்ரேஷனில் ஆங்கிலக் கேள்விக்குத் திணறுவார்களே என்று பயந்து, பிள்ளைகள் டிக்கெட் வாங்கும்போதே இந்த நாற்காலிக்கும் சொல்லி வைத்துவிடுகிறார்கள். தள்ளிக்கொண்டு போகிறவர் எல்லாக் கவுண்டரையும் தாண்டவைத்து விடுவார். பெட்டிகள் வரும் இடத்துக்கு வந்ததும் ஓர் அற்புதம் நடந்தது. நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் துள்ளி எழுந்து, ஊறுகாய் எண்ணெய் கசியும் பெட்டிகளை அலாக்காகத் தூக்கினார்கள். நான் மட்டும் எழவில்லை. அந்த வரிசையில் அசல் நொண்டி நான் ஒருவன்தான்.

"நீங்க எழுந்திருக்காதேள், நான் எடுக்கறேன்" என்றாள் என் மனைவி பத்மா. நாற்காலியைத் தள்ளி வந்த மெக்ஸிகோக்காரர் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். அவருக்கும் நிஜமான நோயாளி கிடைத்து நாளாகியிருக்கும் போல.

நான் கும்பகோணத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கரும்பலகை முன்னால் நின்றே காலம் போனதை என் வலது முழங்கால் மறக்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த ஊர் டாக்டர், மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்றார். வலி மாத்திரை வயிற்றைக் கெடுத்தது. தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

நாங்கள் வந்தது எங்கள் ஒரே மகள் வித்யாவின் கல்யாணத்துக்கு. அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். இரண்டாயிரம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிப்போகும் என்று உலகமே பயந்துகொண்டிருந்ததால், சான் ரமோனில் அவளுக்கும் அவள் கட்டிக்கொள்ளப்போகும் ரவிக்கும் தலைக்கு மேல் வேலை. ஊருக்கு வந்தால் விசா முத்திரை வாங்கித் திரும்ப எத்தனை நாளாகுமோ என்று கல்யாணத்தையே இங்கே வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணின் அப்பா மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொள்வார். அவள் அந்த மடியில் இருக்கும்போதுதான் மாப்பிள்ளை தாலி கட்டுவார். கொண்டாட்டமெல்லாம் போகட்டும், அந்த ஒரு காட்சி எனக்கு வேண்டும். வித்யா பிறந்த நாளிலிருந்து இதை நான் நினைத்திருக்கிறேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் சிடுமூஞ்சி என்பது ஊரறிந்த விஷயம்.

சான் ரமோனைப் பார்த்து வாயடைத்துப் போனேன். தெருவெல்லாம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. விடிந்ததும் புல்லுக்குள்ளிருந்து குழாய்கள் தாமாகவே தலையைத் தூக்கி, தண்ணீர் தெளித்துவிட்டு, தாமாகவே உள்ளே போய்விட்டன. கண்ணுக்கெட்டிய மலைகளெல்லாம் அறுவடைக்கு முந்திய வயல் நிறம். ஆனால் நடைபாதையில் ஒரு மனிதரைக் காணோம். நாய்கள்தான் ஆட்களை அழைத்துக்கொண்டு உலாவின.

வந்த மறுநாள் சாப்பாட்டு மேஜையில் ரவிதான் ஆரம்பித்தான்.

"அங்கிள், நீங்க ஸ்ட்ரெயின் பண்ணிக்க வேண்டாம். சேர் போட்டுக்கலாம். இப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான் பண்றா."

"சேர்ல உக்காந்து பொண்ணை வெச்சுண்டா, சலூன்ல குழந்தைக்கு முடி வெட்ட உக்காந்த மாதிரி இருக்கும்" என்றேன்.

"அப்பா!" என்றாள் வித்யா. ரவி நல்ல பையன், சிரித்துவிட்டான்.

"சேரே போட்டாலும் காத்தாலேர்ந்து மணையில உக்காந்து எழுந்து எல்லாம் பண்ணணுமே. அதுக்கு என்ன பண்ணுவேள்?" என்று பத்மா கேட்டாள்.

பதிலை என் தம்பி சேகர் போனில் வைத்திருந்தான். அவன் டெக்ஸாஸில் ஆலன் என்ற ஊரில் மனைவி சித்ராவோடு இருக்கிறான். தினமும் டென்னிஸ் ஆடுகிறான். "அண்ணா, நீ ஏன் கவலைப்படறே? நானும் சித்ராவும் உக்காந்து தாரை வார்த்துக் குடுக்கறோம். நீ முன்னாடி சௌகரியமா உக்காந்து பாரு." அன்போடுதான் சொன்னான். எனக்கு மட்டும் காதெல்லாம் எரிந்தது. என் மகள் இவன் மடியில் உட்காருவதா? அவனுக்கு டென்னிஸ் ஆடும் முழங்கால் இருந்தால் ஆடிக்கொள்ளட்டும்.

வித்யாவோடு வேலை பார்க்கும் ஒரு சீனப் பெண்ணின் அம்மாவுக்கு ஓக்லாண்டு சைனா டவுனில் முழங்காலுக்குச் சூடு வைத்து வைத்தியம் செய்தார்களாம். "ஒரு அப்பாயின்ட்மென்ட்தானேப்பா, ட்ரை பண்ணிப் பாரேன்" என்றாள் வித்யா. சூடு வைப்பதென்றால் எங்கள் ஊரில் மாட்டுக்கு வைப்பார்கள் என்றேன். இருந்தாலும் சேகரின் குரல் காதில் இருந்ததால் காரில் ஏறினேன்.

ஃப்ரீவேயில் ஏறி இறங்கி சைனா டவுனுக்குள் நுழைந்ததும் பத்மாவின் முகம் மாறியது. கடை வாசல் கூடைகளில் பாகற்காய், பூசணி, காராமணிக்காய், சேப்பங்கிழங்கு, மண் ஒட்டிய இஞ்சி. கிழவிகள் கீரைக்கட்டைப் பிரித்துப் பார்த்து, முகம் சுளித்து, கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "கும்பகோணம் மார்க்கெட்டேதான்!" என்றாள். அமெரிக்கா வந்த பிறகு அவள் முதல்முதலாகச் சந்தோஷமாகச் சிரித்தது அங்கேதான். அடுத்த கடையின் கண்ணாடிக்குப் பின்னால் வறுத்த வாத்துகள் கழுத்தோடு தொங்கின. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள், ஆனால் பாகற்காய்ப் பையை விடவில்லை.

வைத்தியசாலை ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. நல்லவேளையாக லிஃப்ட் உண்டு. சுவரில் கண்ணாடி போட்ட லைசென்ஸ், மூலையில் சத்தமில்லாமல் ஓடும் சீன நாடக டிவி. வைத்தியர் லியூ என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும், ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய தலைமுடி, வெள்ளைக் கோட்டு. பேசும்போதே ஒரு கண்ணால் நாடகத்தைப் பார்த்துக்கொண்டார். அவருடைய ஆங்கிலம் கொஞ்சமாகவும் வேகமாகவும் இருந்தது. அதைத் தமிழில் தருகிறேன்.

"முழங்கால் எதற்கு வேண்டும்?"

என்ன கேள்வி இது என்று பார்த்தேன்.

"ஒருத்தர் மாடிப்படிக்குக் கேட்பார். ஒருத்தர் நடனத்துக்குக் கேட்பார். உங்களுக்கு எதற்கு?"

"தரையில் உட்கார. மகளை மடியில் வைத்துக்கொள்ள."

"குழந்தைக்கு எத்தனை மாதம்?"

வித்யா கையைத் தூக்கி, "நான்தான் அந்தக் குழந்தை" என்றாள். லியூ அம்மாள் நாடகத்தை விட்டுவிட்டு இரண்டு கண்ணாலும் அவளை மேலும் கீழும் பார்த்தார். விஷயத்தை வித்யா விளக்கினாள். அந்த அம்மாள் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "என் கல்யாணத்துக்கு என் அப்பா வரவில்லை. அவருக்கு விசா கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டு என்னைப் படுத்துக்கொண்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டச் சொன்னார்.

அவர் விரல் முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்ள பள்ளங்களைத் தொட்டது. பிறகு கொஞ்சம் கீழே இறங்கி, காலின் வெளிப்பக்கம் ஓர் இடத்தில் அழுத்தியது. எனக்கு மட்டுமே தெரியும் என்று நான் நினைத்திருந்த வலி அங்கே இருந்தது. நடந்து நடந்து கால் ஓய்ந்தவர்கள் அந்த இடத்தில் சூடு காட்டினால் இன்னும் மூன்று மைல் நடப்பார்களாம், அவர்கள் ஊர்ப் பழைய நம்பிக்கை. பிறகு காகிதத்தில் உருட்டிய, சுருட்டு மாதிரி ஒன்றை எடுத்துப் பற்றவைத்து, அதன் நெருப்பு முனையைத் தோலுக்கு ஒரு விரல்கடை மேலே நிறுத்தினார். தொடவில்லை. மேலும் கீழுமாக, குருவி கொத்துவது போல ஆட்டினார். ஜன்னலில் இருந்த மின்விசிறி புகையை வெளியே இழுத்தது.

அந்தப் புகை என் மூக்கில் ஏறியதும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"இது என்ன இலை?"

ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். இடித்துப் பஞ்சு மாதிரி ஆக்கியிருந்தார்கள். கூடவே இடிக்காத காய்ந்த இலை கொஞ்சம். மேலே கரும்பச்சை, கீழே வெள்ளை ரோமம், ஓரமெல்லாம் ஆழமாக வெட்டியது. ஆர்ட்டிமீசியா! மாசிப்பத்திரி! மாணவர்களை ஊட்டிக்கு அழைத்துப் போனபோதெல்லாம் சாலையோரத்தில் பறித்துக் கசக்கி முகரச் சொன்ன செடி. பூக்கடையில் கதம்பத்துக்குள் வைக்கும் மரிக்கொழுந்துக்குப் பெரியப்பா மகன். வருஷக்கணக்காக இதன் பூவையும் இலையையும் படம் போட்டுப் பாடம் நடத்தியிருக்கிறேன். இதைக் கொளுத்தினால் முழங்காலுக்குள் வெயில் இறங்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வெயில் என்றுதான் சொல்ல வேண்டும். தோலில் சுடவில்லை. தைமாதக் காலையில் கிணற்றடியில் நின்றால் முதுகில் ஏறுமே, அந்தச் சூடு எலும்புக்குள் இறங்கியது. எத்தனையோ நாளாக இறுக்கிக்கட்டிய கயிறு தளர்வது போல இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் லியூ அம்மாள் முழங்காலைத் துணியால் சுற்றினார். "சூடு வைத்த இடத்தைக் காற்றுப் படாமல் மூடி வையுங்கள். இன்று குளிக்கக் கூடாது. குளிர்ந்தது எதுவும் சாப்பிடக் கூடாது. தேய்ந்ததை நான் திருப்பித் தர முடியாது. வலியைக் குறைத்துப் பார்க்கிறேன்." இப்படி நேராகப் பேசுகிறவரை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பத்மா வாசலிலேயே நிறுத்தினாள். "சுருட்டு பிடிச்சவா மாதிரி நாறறது. ஆஸ்பத்திரிக்கு வேற போயிட்டு வந்திருக்கேள். நேரா பாத்ரூம் போங்கோ." ஆஸ்பத்திரி போய்வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது எங்கள் வீட்டில் கேள்வி கேட்காமல் நடப்பது. நானும் கேள்வி கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்து, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தயிரில் கட்டியாகச் சாதம் பிசைந்து சாப்பிட்டேன். இரவெல்லாம் முழங்கால் விண்விண் என்று தெறித்தது.

அடுத்த தடவை லியூ அம்மாள் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "குளித்தீர்களா?" என்றார். ஒத்துக்கொண்டேன். "என்ன சாப்பிட்டீர்கள்?" அதையும் சொன்னேன். குளிர்ந்த தயிரைக் குளிர்ந்த சாதத்தில் பிசைந்து தினமும் சாப்பிடுகிறோம் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. பக்கத்து அறையில் அக்குபங்சர் ஊசிகளோடு படுத்திருந்த ஒரு கிழவரிடம் சீன மொழியில் ஏதோ சொன்னார். அந்தக் கிழவர் "ஐயோ" என்பதற்கு அவர்கள் ஊரில் என்ன உண்டோ அதைச் சொன்னார். கல்யாணம் முடியும் வரை தயிர்சாதம் கிடையாது என்று தீர்ப்பாயிற்று. மகளுக்காக இதைவிடப் பெரிய தியாகத்தை நான் செய்ததில்லை.

தினமும் ஓக்லாண்டு போக முடியாதென்று, நடுவில் வீட்டில் பிடிக்க இரண்டு சுருட்டுகள் கொடுத்து, பத்மாவுக்குக் கையசைப்பும் சொல்லிக்கொடுத்தார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னதை நாங்கள் மறந்தோம். பத்மா மிகுந்த பக்தியோடு சூடு காட்டிக்கொண்டிருந்தபோது கூரையில் இருந்த, புகையை மோப்பம் பிடிக்கும் வெள்ளை வட்டம் ஒன்று அலறத் தொடங்கியது. துண்டால் விசிறினாள். அடுத்த அறையில் இருந்ததும் சேர்ந்துகொண்டது. கீழ்வீட்டு அம்மாள் போன் செய்துவிட்டார். கண் மூடித் திறப்பதற்குள் வாசலில் சிவப்பு வண்டி, உள்ளே கதவு உயரத்துக்கு மூன்று ஆட்கள். கொழுந்துவிட்டு எரியும் வீட்டை எதிர்பார்த்து வந்தவர்கள், வேட்டியைச் சுருட்டிக்கொண்டு சோபாவில் கிடந்த ஒரு கிழவனைக் கண்டார்கள்.

அவர்களில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். மற்றவர்களைப் பார்த்தார். "சார், என்ன புகைத்துக்கொண்டிருந்தீர்கள்?"

புரிந்ததும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அது கஞ்சா அல்ல, கஞ்சாவின் குடும்பம் வேறு, இது சூரியகாந்தியின் குடும்பம், இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், இந்த ரோமம் அதில் கிடையாது என்று பாடம் நடத்த ஆரம்பித்தேன். அந்த மலைபோன்ற மனிதர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு, "என் அம்மாவுக்கும் முழங்கால் வலிதான்" என்று சொல்லி, வைத்தியர் இருக்கும் தெருவை விசாரித்தார். போகும்போது அவரே ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தார். நம் ஊரில் தீயணைக்க வந்தவர்கள் இப்படி இதமாகப் பேசி நான் பார்த்ததில்லை. நம் ஊரில் யாரும் இப்படி வீணாகக் கூப்பிடுவதும் இல்லை என்றாள் பத்மா.

இன்னொரு நாள் வித்யாவுக்கு மீட்டிங். பக்கத்து ஊரான டப்ளினில் ரயில் ஸ்டேஷனில் எங்களை இறக்கி, "ஓக்லாண்டு லேக் மெரிட் வந்ததும் இறங்கிடுங்கோ, தூங்கிடாதேள்" என்று சொல்லிப்போனாள். நாங்கள் தூங்கவில்லை. எதிரே உட்கார்ந்த ஒரு கறுப்பினத்துப் பெண்மணி பத்மாவின் புடவையைப் பற்றிக் கேட்க, பத்மா கையாலும் கண்ணாலும் தனக்குத் தெரிந்த எட்டணா ஆங்கிலத்தாலும் மடிப்பு வைப்பதை விளக்க, இறங்கவேண்டிய இடம் போய்விட்டது. திடீரென்று இருட்டு. ரயில் ஊளையிட்டது. காது அடைத்துக்கொண்டது.

"பயப்படாதீர்கள், இப்போது நாம் கடலுக்கு அடியில் போகிறோம்" என்றார் அந்தப் பெண்மணி.

பத்மா ஸ்லோகம் சொல்ல ஆரம்பித்தாள். நான் கூரையைப் பார்த்தேன். நம் தலைக்கு மேலே அலை, அலைக்கு மேலே கப்பல், இங்கே ஒரு பையன் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு கொட்டாவி விடுகிறான். இதைக் கட்டியவர்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கடலைத் தாண்டி சான்பிரான்சிஸ்கோவில் இறங்கி, வழி கேட்க மேலே போனோம். நகரும் படி ஓடவில்லை. பக்கத்தில் கல் படிகள். பத்மா, "திரும்பி எப்படிப் போறது, வித்யா என்ன நினைப்பா" என்று புலம்பிக்கொண்டே ஏறினாள். நானும், "உன்னாலதான், ரயில்ல என்ன புடவைக் கடை" என்று திட்டிக்கொண்டே ஏறினேன். உச்சிக்கு வந்து திரும்பிப் பார்த்த பத்மா பேச்சை நிறுத்தினாள்.

"ஏன்னா, நீங்க கைப்பிடியைப் பிடிச்சுக்கலை."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கீழே அத்தனை படிகள். முழங்காலில் லேசான முணுமுணுப்பு, அவ்வளவுதான். நான் அங்கேயே நின்று வலது காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஆபீஸ் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். என்னென்னவோ பார்த்து வியந்த நாடு இது. எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் என் வேட்டிக்குள்ளேயே இருந்தது.

தாமதமாக வந்ததற்குத் திட்டிவிட்டு, படியேறிய கதையைக் கேட்டதும் லியூ அம்மாள், "இனி தரை" என்றார். கம்பளத்தில் உட்காரப் பழகவேண்டும். பிறகு மடியில் கனம். "மகளை வைத்துப் பழகலாமே?" என்றார். முகூர்த்தத்துக்கு முன்னால் அது கூடாது என்றாள் பத்மா. அப்படி ஒரு சாஸ்திரம் இருப்பதாக எனக்குத் தெரியாது. அந்த முதல் கனத்தை நான் கல்யாணத்தன்றே வாங்கிக்கொள்ளட்டும் என்று அவள் நினைத்திருக்கலாம். ஆகவே இந்தியக் கடையிலிருந்து சின்ன அரிசி மூட்டை வந்தது, அப்புறம் பெரிய மூட்டை வந்தது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வரும் வித்யா, அப்பா பொன்னி அரிசியை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்ப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரு நாள் சிரிப்பு பாதியில் நின்றது. விறுவிறு என்று உள்ளே போய்விட்டாள்.

கல்யாணம் லிவர்மோர் பக்கத்தில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில் நடந்தது. முதல்நாளே வந்த சேகர் நான் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்து, "அண்ணா!" என்று கட்டிக்கொண்டான். நான் பெருந்தன்மையாக இருந்தேன். லியூ அம்மாள் சிவப்புச் சட்டையும் கை நிறைய ஆரஞ்சுப் பழமுமாக வந்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

காலையில் முதல் சடங்குக்கு உட்கார்ந்தேன், எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன், எழுந்தேன். காசியாத்திரை புறப்பட்ட மாப்பிள்ளையைச் சமாதானப்படுத்தி அழைத்துவர மூன்றாம் தடவை எழுந்தபோது, முழங்காலுக்குள் ஏதோ இடறியது. கால் பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டது. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சாஸ்திரிகள், "மாமா, பரவாயில்லை, தம்பி இருக்காரே" என்றார். சேகர் சட்டையைக் கழற்றத் தொடங்கினான். அவன் மேல் தப்பில்லை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வரிசையிலிருந்து சிவப்புச் சட்டை எழுந்தது. "வெளியே, வெளியே" என்று என் தோளைப் பிடித்து, கார்கள் நிறுத்தும் இடத்துக்கு நடத்திப்போனார். ஒரு காரின் கதவைத் திறந்து என்னைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, கைப்பையிலிருந்து அந்தச் சுருட்டை எடுத்தார். நெருப்புப்பெட்டி இல்லை. பத்மா பட்டுப்புடவை சரசரக்க உள்ளே ஓடி, கற்பூரம் எரியும் ஆரத்தித் தட்டோடு வந்தாள். லியூ அம்மாள் அதில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு குனிந்தார். மாசிப்பத்திரி மணத்தது.

தட்டையும் தீபத்தையும் புகையையும் கண்ட மாப்பிள்ளை வீட்டார் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். "இது எந்த ஊர் சம்பிரதாயம்?" என்று ஒரு மாமா கேட்டது காதில் விழுந்தது. ரவியின் அத்தை கேட்கவே இல்லை. நேராக வந்து தீபத்தின் மேல் இரண்டு கைகளையும் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது. என் முழங்காலைச் சுற்றி வந்து எல்லோரும் கற்பூரம் ஒற்றிக்கொண்டு போனார்கள். லியூ அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். சுருட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைத் தீபத்தில் காட்டித் தானும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மறுபடி குனிந்து வேலையைப் பார்த்தார்.

"மகள் உட்காரட்டும். சொந்த அப்பாவின் மடியில்" என்றார். முழங்கால் மெல்ல இளகியது.

சேகர்தான் வந்து கூப்பிட்டான். சட்டையைத் திரும்பவும் போட்டுக்கொண்டிருந்தான். "வா அண்ணா, டயமாயிடுத்து. நான் பின்னாடி நின்னு பிடிச்சுக்கறேன்."

மணையில் உட்கார்ந்தேன். சம்மணம் சேர்ந்தது. வித்யா ஒன்பது கஜப் புடவையில் வந்து, மெதுவாக என் மடியில் இறங்கினாள். கனமே இல்லை. புடவையின் கனம்கூடத் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, என் மேல் படாமல் தன்னைத்தானே தாங்கிக்கொண்டிருந்தாள். அவள் கால்கள் நடுங்கின.

"உக்காரும்மா."

"உக்காந்துண்டுதான்பா இருக்கேன்."

"பொய் சொல்லாதே. நான் அரிசி மூட்டையோட பழகினவன். எனக்குக் கனம் தெரியும்."

"வலிக்கும்பா."

"வலிக்கட்டும். உக்காரு."

அவள் பாதங்கள் தரையை விட்டன. முழுக் கனமும் என் மேல் இறங்கியது. வலித்தது, நன்றாகவே வலித்தது. நான் அவளை இறுகப் பிடித்துக்கொண்டேன். டேப்பில் கெட்டிமேளம் முழங்க, ரவி குனிந்து தாலி கட்டினான். எல்லோர் முன்னாலும் நான் விசும்பி விசும்பி அழுதேன். இந்தத் தடவை புகை என்று சொல்லவில்லை.

பிறகு அவள் எழுந்து, ரவியின் கையைப் பிடித்துக்கொண்டு அக்னியைச் சுற்றப் போனாள். பின்னால் நின்ற சேகர் என்னைத் தூக்கிவிடக் கை நீட்டினான். "ஒரு நிமிஷம் இருடா" என்றேன். முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். அவள் உட்கார்ந்திருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. அங்கவஸ்திரத்தை எடுத்து, காற்றுப் படாமல் மூடிக்கொண்டேன்.